எண்ணெய்க் கையும் வறண்ட காலும்

போன வாரம் கிளினிக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அம்பது வயசுப் பொம்பளைங்க அரிப்புன்னு வந்தா பார்க்கவே அலுப்பா இருக்கு. எல்லாருக்கும் ஒரே க்ரீம், ஒரே மாத்திரை." யாரென்று சொல்ல மாட்டேன். சொன்னவருக்கு இதைப் படிக்கும்போதே காது சூடாகியிருக்கும்.

அலுப்பாம். நான் இந்தத் தென்காசியில் தோல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். படர்தாமரை பார்த்து அலுத்திருக்கிறேன், சேற்றுப்புண் பார்த்து அலுத்திருக்கிறேன், கல்யாணத்துக்கு முந்தின வாரம் முகப்பருவோடு வரும் மாப்பிள்ளைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மாதவிலக்கு நிற்கிற வயதில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு நாற்காலியில் முதுகு நிமிர்ந்துவிடும். உடம்புக்குள்ளே ஒரு சுரப்பு குறைகிறது, வெளியே தோல் முழுக்க அது எழுதிக் காட்டுகிறது. படிக்கத் தெரிந்தால் அதைவிட சுவாரசியமான தோல் வேறு கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் செண்பகத்தின் கதையைக் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன், சாரல் பிடித்து அருவிகளில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்த சமயம். குற்றாலத்தில் சீசன் என்றால் எனக்கும் சீசன்தான். ஈரத் துண்டைத் தோளில் போட்டபடியே ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஓர் இளைஞர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு நேராக என் அறைக்குள் வந்துவிட்டார். அருவிக்குப் போகிற ரோட்டில் உள்ள ஒரு தங்கும் விடுதியின் மேனேஜர் அவர். அந்தப் பெண் செண்பகம். விடுதிக்கு வரும் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. அருவிக்குப் போகும் முன் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொள்வது இங்கே வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தொழிலில் செண்பகத்துக்கு நல்ல கை என்று பெயர்.

"டாக்டர், இவங்களுக்கு ஒட்டுவாரொட்டி எதுவும் இல்லன்னா இல்லன்னு எழுதித் தாங்க. இருக்குன்னா இருக்குன்னு சொல்லிருங்க. சாயந்தரத்துக்குள்ள முதலாளிக்கு நான் பதில் சொல்லணும்" என்றார் மேனேஜர்.

விஷயம் இதுதான். முந்தின நாள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கியிருந்த ஓர் அம்மா, எண்ணெய் தேய்க்கும்போது பாதியில் தலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். செண்பகம், முகமும் கழுத்தும் சிவந்து, வேர்வை சொட்ட, முழங்கையால் தன் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தோளில் நகக்கீறல் வேறு. அந்த அம்மா துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டார். இவளுக்கு ஏதோ தோல் வியாதி, இவளை வேலைக்கு வைத்திருக்கிறீர்களே, நெட்டில் எழுதிவிடுவேன் என்று மேனேஜரைப் பிடித்து உலுக்கிவிட்டார். சீசன் நடுவில் வேலை போனால் போனதுதான். அதோடு, தோல் வியாதிக்காரி என்ற பெயர் ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு எத்தனை வேகமாகப் போகும் என்று குற்றாலத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செண்பகத்துக்கு வேறு தொழிலும் தெரியாது.

மேனேஜர் அறையை விட்டுப் போகிற மாதிரி தெரியவில்லை. "நானும் இருக்கணும்னு முதலாளி சொல்லியிருக்காரு" என்றார்.

"முதலாளிக்கு அரிப்பு வந்தா அவரோட நீங்க இருங்க தம்பி. இப்ப வெளியே போய் பெஞ்சுல உக்காருங்க" என்று கதவைச் சாத்தினேன். இதில் எல்லாம் மரியாதை பார்க்காதீர்கள். கூட ஓர் ஆள் நின்றால் நோயாளி பாதி உண்மைதான் சொல்லுவார், நாமும் பாதி வைத்தியம்தான் பார்ப்போம்.

கதவு சாத்தியதும் செண்பகம் அழுதுவிட்டாள். "எட்டு மாசமா அரிக்கி டாக்டரம்மா. தோலுக்குள்ள எறும்பு ஊருத மாதிரி இருக்கு. சொறின்னு சொல்லி மருந்துக்கடையில லோஷன் வாங்கிப் போட்டேன். மூணு தடவ போட்டாச்சி. போடப் போடக் கூடத்தான் செய்யுது."

சொறிதான் என்று நானும் முதலில் நினைத்தேன். நாள் முழுக்க அடுத்தவர் உடம்பைத் தொடுகிற தொழில், பொறுக்க முடியாத அரிப்பு, வேறு என்ன தோன்றும்? சொறி என்றால் ஒட்டும். ஒட்டும் என்றால் நான் மேனேஜரிடம் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும். வெளியே கூட்டம் கதவைத் தட்டுகிறது. அந்த நேரத்தில் லென்ஸைக் கையில் எடுத்தேன்.

நான் படித்த காலத்தில் எனக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். வியாதி எங்கே இருக்கிறது என்று நாங்கள் ஒப்பித்து முடித்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி, "சரி, எங்கே இல்லை?" அதைக் கேட்டே எங்களை அழ வைப்பார். அன்றைக்கு அந்தக் கேள்விதான் செண்பகத்தைக் காப்பாற்றியது. சொறிக்குப் பிடித்த இடம் விரலிடுக்கு. அவள் விரலிடுக்கு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. மணிக்கட்டு சுத்தம். உள்ளங்கையும் முன்கையும் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தன. காலைப் பார்க்கச் சேலையைத் தூக்கச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கோடைக் குளம் வற்றிய மாதிரி வெடித்துக் கிடந்தது. முதுகைத் திருப்பினேன். தோளிலும் இடுப்பிலும் கீறல் கீறலாக இருந்தது. ஆனால் நடுமுதுகில், கை எட்டாத இடத்தில், ஒரு புள்ளிகூட இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கை எட்டாத இடத்தில் ஒன்றுமில்லை என்றால், தோலில் காண்பதெல்லாம் அவள் நகம் போட்டது. முதலில் வந்தது அரிப்பு மட்டும்தான். சொறியை உண்டாக்குகிற பூச்சி கிடையாது. இருந்தாலும் கொஞ்சம் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அங்கும் ஒன்றுமில்லை. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு உண்டா என்று கேட்டேன்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குதாரு" என்றாள். எட்டு மாதம் ஒரே பாயில் படுக்கிற புருஷனுக்கு ஒட்டாத சொறி உலகத்தில் இல்லை.

சரி, இந்தக் கையும் இந்தக் காலும் ஒரே ஆளுடையதா? "எண்ணெயிலயே வேல பாக்கீங்களே, கால்ல கொஞ்சம் தடவிக்கிடக் கூடாதா?" என்றேன்.

"அய்ய, நாளெல்லாம் எண்ணெயில கெடக்கேன். வேல முடிஞ்சா அத கழுவித் தொலைக்கணும் போல இருக்கும் டாக்டரம்மா. நேரா அருவிக்குப் போயிருவேன். வெடியக்காலம் ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா. அரிப்பு வந்த பொறவு ரொம்ப நேரம் நிக்கேன். மூலிகைத் தண்ணியில்லா? வேப்ப சோப்பு போட்டு, பீர்க்க நாரு வச்சி நல்லாத் தேய்க்கேன். அப்பயும் போவ மாட்டேங்கு."

இதைக் கேட்டு நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரியும் செய்யாத தப்பு இது. நம் ஊரில் அருவித் தண்ணீர் தோல் வியாதிக்கு மருந்து. அது கூடுதலாகப் போய்விடும் என்று யாருக்கும் தோன்றாது. அரிக்கிறதே என்று அவள் அருவியில் நிற்கிறாள். தண்ணீரும் சோப்பும் நாரும் தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப்பசையையும் உரித்துக்கொண்டு போகின்றன. தோல் காய்கிறது. இன்னும் அரிக்கிறது. இன்னும் நேரம் நிற்கிறாள். கை மட்டும் பிழைத்ததற்குக் காரணம், மறுநாள் காலையில் அது மறுபடியும் எண்ணெயில் விழுந்துவிடுகிறது.

ஆனால் இந்த அருவியும் இந்த சோப்பும் பல வருடமாக இருக்கின்றன. எட்டு மாதத்துக்கு முன்னால் என்ன மாறியது? அதை நான் கேட்க வாயெடுத்தபோதே என் கண் முன்னால் அது நடந்தது. செண்பகத்தின் நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து கன்னத்துக்கும் சிவப்பு ஏறியது. நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. முந்தானையால் விசிறிக்கொண்டே, "இதான், இதான் டாக்டரம்மா. அந்தம்மா பாத்தது இதத்தான்" என்றாள்.

வெளியே சாரல் அடிக்கிறது, நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன், இவளுக்கு வேர்க்கிறது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன், "தூரம் நின்னு எவ்வளவு நாளாச்சி செண்பகம்?"

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "போன தீபாவளிக்கு முன்ன. அதுக்கும் இதுக்கும் என்ன டாக்டரம்மா?" என்றாள்.

அதுக்கும் இதுக்கும்தான் எல்லாம். நீங்கள் பரீட்சைக்குப் படித்ததுதான், ஆனால் அவளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். மாதவிலக்கை நடத்துகிற ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்கு மட்டும் சம்பளம் வாங்குகிற ஆள் இல்லை, தோலுக்கும் அது வேலை பார்க்கிறது. தோலைக் கெட்டியாக வைத்திருக்கிற கொலாஜன், ஈரத்தைப் பிடித்து வைக்கிற சக்தி, மேலே படிகிற எண்ணெய்ப்பசை எல்லாம் அதன் தயவில் நடப்பவை. அது குறைகிறபோது, அதுவும் மாதவிலக்கு நின்ற முதல் சில வருடங்களில், தோல் சட்டென்று மெலிகிறது, காய்கிறது, சுருக்கம் விழுகிறது, சின்னக் காயம்கூட மெதுவாக ஆறுகிறது. சிலருக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சிலருக்கு முகத்தில் இப்படித் தீ ஏறி இறங்கும். வயதாவது என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெண்ணின் தோலுக்கு வயது ஒவ்வொரு படியாக ஏறுவதில்லை, இந்த இடத்தில் நாலு படி சேர்ந்தாற்போல் தாண்டுகிறது. நேற்று வரை தாங்கிய அருவியையும் சோப்பையும் இன்றைக்கு அந்தத் தோலால் தாங்க முடிவதில்லை.

"அப்ப எனக்கு வியாதி இல்லியா?" என்று கேட்டாள்.

"இருக்கிறதாத் தெரியல. ஆனா ரத்தம் பாக்காம முடிவாச் சொல்ல மாட்டேன்" என்றேன். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்ற பெண் என்பதற்காக எல்லா அரிப்பையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், ஈரல், ரத்தம் எல்லாம் இதே வேஷம் போட்டு வரும். ரத்தம் எடுத்து அனுப்பினேன். மறுநாள்தான் முடிவு வரும். இப்போதைக்கு அருவியில் நாளுக்கு ஒரு தடவை, கொஞ்ச நேரம், சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் மட்டும், நாரைத் தூக்கி எறி, துடைத்த ஈரம் காயும் முன்னே எண்ணெயோ க்ரீமோ தடவு என்று சொன்னேன்.

பிறகு மேனேஜரைக் கூப்பிடக் கதவை நோக்கிப் போனபோது செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருட்ட இத சொல்லிராதீங்க டாக்டரம்மா. நாளைக்கு அங்கன நிக்க பயலுவ எல்லாம் என்னயப் பாத்து இளிப்பானுவ. வேல போனாலும் பரவால்ல."

வேலைக்காகத்தான் இவ்வளவு பாடு. அதையே விட்டுவிடத் தயாராக இருந்தாள். நான் சரி என்றேன். உள்ளே வந்த மேனேஜரிடம், ஒட்டுகிற நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வியாதின்னு இதுல இல்லியே டாக்டர். அந்தம்மா அததான் கேப்பாங்க. இந்தப் பேப்பர எல்லாம் நம்புத ஆளு இல்ல அவங்க. எந்த டாக்டரு வேணும்னாலும் எழுதித் தருவாருன்னு சொல்லிருவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, ஆனால் நியாயம் இருந்தது. காரணத்தைச் சொன்னால் செண்பகத்தின் மானம் போகும். சொல்லாவிட்டால் வேலை போகும். செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாய் முந்திக்கொண்டது.

"தம்பி, சாயந்தரம் நாலு மணிக்கு எனக்கு ஒரு எண்ணெய்த் தேய்ப்பு போட்டு வையுங்க. செண்பகம்தான் தேய்க்கணும். அந்த விருதுநகர் அம்மாவையும் முன்கூடத்துல உக்கார வையுங்க."

அவர்கள் போன பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. மைக்ராஸ்கோப்பில் பூச்சி தெரியவில்லை என்பதாலேயே பூச்சி இல்லை என்று ஆகிவிடாது. நான் தப்பாகக் கணித்திருந்தால் சில வாரத்தில் நானே சொறிந்துகொண்டு நிற்பேன். தோல் டாக்டருக்கே சொறி என்று தென்காசி பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்கும், செண்பகத்தின் பிழைப்பும் என்னோடு சேர்ந்து முழுகும். மதியம் முழுக்க அந்த விரலிடுக்கையும் அந்த நடுமுதுகையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மறுநாள் ரத்தப் பரிசோதனை குறையில்லாமல் வந்தது, ஆனால் அன்றைக்கு நாலு மணிக்கு அது எனக்குத் தெரியாது. இருந்தாலும் பார்த்ததைப் பார்த்தேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்த உறுதி இல்லாமல் வெறும் இரக்கத்தில் போயிருந்தால் நான் டாக்டர் இல்லை, அசடு.

போனேன். விடுதியின் முன்கூடத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மேனேஜர் என்னைக் காட்டி, "இவங்கதான் தென்காசி தோல் டாக்டர்" என்று சொன்னதும் அவர் கண் அகன்றது. நான் வணக்கம் சொல்லிவிட்டு நேராக உள்ளே போய்ப் பலகையில் குப்புறப் படுத்துவிட்டேன். செண்பகத்தின் கை முதலில் தயங்கித் தயங்கித்தான் தொட்டது. அப்புறம் தொழில் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல கைதான். வந்த காரியத்தை மறந்து தூங்கியே போனேன்.

தலையில் எண்ணெய் வழிய நான் முன்கூடத்துக்கு வந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றார். செண்பகம் துண்டோடு எனக்குப் பின்னால் வாசலில் நின்றாள்.

"நீங்களே அவகிட்ட தேச்சுக்கிட்டீங்களா?" என்றார் அந்த அம்மா.

"என் தோலை நான் யாருக்கும் அவ்வளவு லேசாக் கொடுக்க மாட்டேன்மா" என்றேன்.

"அப்ப அது என்னங்க? மூஞ்சி அப்படிச் சிவந்துச்சே. நான் என் கண்ணால பார்த்தேன்."

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. எனக்கு வாயை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, "அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல" என்றேன்.

அந்த அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக உட்கார்ந்தார். "எனக்கும் ரெண்டு வருஷமா அப்படித்தாங்க வருது" என்றார். "சிவக்குது, வேர்க்குது, அரிக்குது. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. நேத்து இவளைப் பார்த்ததும் பக்குன்னு ஆயிருச்சு. எனக்கு இருக்கிற நோயேதான் இவளுக்கும் இருக்குன்னு தோணுச்சு. அப்ப இது ஒட்டுற நோயாத்தானே இருக்கும்? மருமகளுக்குத் தெரிஞ்சா பேரனை என் கையில குடுக்க மாட்டா."

கூடத்தில் நாங்கள் மூவர் மட்டும் இல்லை. மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். வாசலில் தரை துடைக்கிற ஆள் நின்றுகொண்டிருந்தார். செண்பகம் என்னைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"ஒரு வியாதியும் இல்லக்கா" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "எனக்குத் தூரம் நின்னுட்டு. அதான். உங்களுக்கும் நின்னிருக்கும்லா?"

அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

"யாருக்கும் ஒட்டாது. பிள்ளைய நல்லாத் தூக்கிக் கொஞ்சுங்க. வாங்க உள்ள, நேத்து பாதியில விட்டத முடிச்சிருவோம். அருவியில ரொம்ப நேரம் நிக்கக் கூடாதாம், அதையும் சொல்லுதேன்" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

எனக்குக் கூடத்தில் ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது. எண்ணெய்க் காலோடு வழுக்கிவிடும் என்பதால் குதிக்கவில்லை. நான் எவ்வளவு விளக்கியிருந்தாலும் அந்த அம்மா பாதிதான் நம்பியிருப்பார். இளம் டாக்டர்களே, நாம் நோயாளியின் ரகசியத்தைக் காப்பது அதை என்றைக்கும் மூடி வைப்பதற்காக அல்ல. யாரிடம், எப்போது சொல்வது என்று அவர்களே முடிவு செய்வதற்காக. செண்பகம் முடிவு செய்தாள். உள்ளேயிருந்து எண்ணெய் தேய்க்கிற சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது.

மேனேஜர் என்னை வாசல் வரைக்கும் கொண்டுவிட வந்தார். "முதலாளிட்ட நான் பேசிக்கிடுதேன் டாக்டர். அவங்க இங்கனயே இருக்கட்டும்" என்றார். போகாமல் அங்கேயே நின்றார்.

"எங்கம்மைக்கும் அம்பத்தோரு வயசாவுது" என்றார். "ராத்திரி எந்திரிச்சி எந்திரிச்சி ஃபேனக் கூட்டி வைக்கா. மழைக்காலத்துல எதுக்கு இப்படிப் பண்ணுத, உனக்குக் கோட்டி புடிச்சிருக்கான்னு ஏசிட்டேன்."

அவர் போனை எடுத்து சுரண்டையில் இருக்கிற அம்மாவைக் கூப்பிட்டார். "யம்மா" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து என்னடே, என்னடே என்று குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.